விளக்கும் குடமும்: இலங்கையின் 1982 சர்வசன வாக்கெடுப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1982 டிசெம்பர் 22ஆம் திகதி இலங்கை வாக்காளர்கள் சாவடிக்குச் சென்றபோது அவர்கள் முன்னால் எந்த வேட்பாளரும் இருக்கவில்லை. இரு பெரும் கட்சிகளின் யானைச் சின்னமும் இல்லை, கைச் சின்னமும் இல்லை. ‘ஆம்’ என்பதற்கு விளக்கும் ‘இல்லை’ என்பதற்கு குடமும் தரப்பட்டிருந்தன. 1983 ஓகஸ்ட் 4ஆம் திகதியுடன் முடிவடைய வேண்டிய பாராளுமன்றத்தின் ஆயுளை, பொதுத்தேர்தல் நடத்தாமலேயே 1989 ஓகஸ்ட் 4ஆம் திகதி வரை நீடிக்கலாமா என்பதே அன்று மக்களிடம் கேட்கப்பட்டது. இலங்கையில் இன்றுவரை நடந்த ஒரே தேசிய சர்வசன வாக்கெடுப்பு இதுதான்.

சர்வசன வாக்கெடுப்புகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ‘ஆம்’ தரப்புக்கும் ‘இல்லை’ தரப்புக்கும் இடையிலான பிரசாரப் போட்டியையே முதன்மையாகக் கொள்கின்றன. யார் எவ்வளவு செலவழித்தார்கள், எந்த வாதம் எடுபட்டது, கட்சிகளின் அறிவுறுத்தலை வாக்காளர் எந்த அளவுக்குப் பின்பற்றினார்கள் என்பவை அவற்றின் வழக்கமான வினாக்கள். 1982ஆம் ஆண்டின் வாக்கெடுப்பை அந்த வினாக்களைக் கொண்டு மட்டும் அணுகினால் அதன் மையத்தைத் தவறவிட்டுவிடுவோம் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. இங்கே வாக்கெடுப்பு, தேர்தலுக்குப் பதிலாக நடத்தப்பட்டது. எனவே நடந்த வாக்கெடுப்பை, நடக்காமற்போன தேர்தலையும் அருகில் வைத்துக்கொண்டுதான் அளக்க வேண்டும்.

ஆறில் ஐந்து பங்குப் பெரும்பான்மை

1977 ஜூலையில் நடந்த பொதுத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 சதவீத வாக்குகளைப் பெற்று, மொத்தம் 168 ஆசனங்களில் 140 ஆசனங்களைக் கைப்பற்றியது. ஏறத்தாழ 30 சதவீத வாக்குகளைப் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனங்களே கிடைத்தன. வட கிழக்கில் செறிவாக வாக்குகளைப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களுடன் பிரதான எதிர்க்கட்சியானது. தொகுதிவாரி முறை தந்த இந்தப் பெரும்பான்மையைக் கொண்டுதான் ஐக்கிய தேசியக் கட்சியின் தலைவர் ஜே. ஆர். ஜெயவர்த்தனா 1978இல் புதிய அரசியலமைப்பை நிறைவேற்றினார். அதே அரசியலமைப்பு, அடுத்த தேர்தல் முதல், பெற்ற வாக்குகளின் விகிதத்துக்கு ஏற்ப ஆசனங்களைப் பகிரும் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கட்டாயமாக்கியது. முன்னர் பெற்ற அதே அளவு வாக்குகளை ஆளும் கட்சி மீண்டும் பெற்றாலும்கூட, ஆறில் ஐந்து பங்கு என்ன, மூன்றில் இரண்டு பங்குகூட அந்த முறையில் எட்டாத தூரத்துக்குப் போயிருக்கும். வாக்கெடுப்புக்கான உந்துதலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கணக்கே பெருமளவு போதுமானது.

முன்னுதாரணம் ஒன்றும் இருந்தது. 1970இல் தெரிவான, ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சித் தலைவி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம், 1972ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பின் மூலம் தன் காலத்தை 1977 வரை நீட்டிக்கொண்டது. அதற்கு மக்களிடம் எந்த ஆணையும் கேட்கப்படவில்லை. அந்த நீடிப்பை எதிர்த்து 1975இல் தன் கொழும்பு தெற்கு ஆசனத்தைத் துறந்து, இடைத்தேர்தலில் மீண்டும் வென்றவர் வேறு யாருமல்லர், ஜெயவர்த்தனாவேதான். இரண்டு ஆண்டு நீடிப்பைக் கண்டித்துப் பதவி துறந்தவர் ஏழு ஆண்டுகளின் பின் ஆறு ஆண்டு நீடிப்பைக் கோரினார் என்பதைத் தனிமனித முரண்பாடாக மட்டும் பார்ப்பது பயன் தராது. இரு பெரும் கட்சிகளுமே அரசியலமைப்பைத் தமது பெரும்பான்மையின் கருவியாகக் கையாண்டன என்பதும், இரண்டாவது முறை அக்கருவிக்கு மக்கள் ஒப்புதல் என்ற உறை போடப்பட்டது என்பதும் கட்சிகளைப் பற்றிய ஆய்வுக்குக் கூடுதல் பொருள் தருகின்றன.

பதினைந்து நாட்கள்

1982 ஒக்டோபர் 20ஆம் திகதி முதலாவது ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. சிறிமாவோவின் குடியியல் உரிமைகள் 1980 ஒக்டோபரிலேயே பறிக்கப்பட்டிருந்ததால், சுதந்திரக் கட்சியின் சார்பில் ஹெக்டர் கொப்பேகடுவ போட்டியிட்டார். ஜெயவர்த்தனா 34,50,811 வாக்குகளை, அதாவது 52.91 சதவீதத்தைப் பெற்றார். கொப்பேகடுவவுக்கு 25,48,438 வாக்குகள், 39.07 சதவீதம். மக்கள் விடுதலை முன்னணியின் ரோகண விஜேவீர, தமிழ்க் காங்கிரசின் குமார் பொன்னம்பலம் ஆகியோர் அடுத்தடுத்த இடங்களைப் பெற்றனர். பதிவு செய்யப்பட்ட வாக்காளர்களில் 81.06 சதவீதத்தினர் வாக்களித்திருந்தனர்.

வென்ற கையோடு பொதுத்தேர்தலுக்குப் போயிருந்தால் ஆளும் கட்சி தெளிவான பெரும்பான்மையைப் பெற்றிருக்கும் என்பதில் அதிக ஐயமில்லை. ஆனால் அரசியலமைப்பைத் தனியாக மாற்றும் வலு அதற்குக் கிடைத்திருக்காது. ஜனாதிபதி வெளிப்படையாகச் சொன்ன காரணம் வேறு. சுதந்திரக் கட்சிக்குள் இருக்கும் ‘நக்சலைட்’ குழு ஒன்று தன்னையும் வேறு சிலரையும் கொலை செய்து ஆட்சியைக் கைப்பற்றத் திட்டமிட்டிருந்ததாகவும், பொதுத்தேர்தல் நடந்தால் அத்தகையோர் பாராளுமன்றத்துக்குள் வந்துவிடுவார்கள் என்றும் அவர் கூறினார். கொப்பேகடுவவின் பிரசாரத்தில் முன்னின்ற நடிகர் விஜய குமாரதுங்க உட்படச் சிலர் தடுத்து வைக்கப்பட்டனர். அந்தச் சதித் திட்டத்துக்காக எவரும் நீதிமன்றத்தில் குற்றவாளியாகத் தீர்க்கப்படவில்லை.

நவம்பர் 4ஆம் திகதி, அதாவது ஜனாதிபதித் தேர்தல் நடந்து பதினைந்தே நாட்களில், நீடிப்புக்கான நான்காவது அரசியலமைப்புத் திருத்தச் சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஆதரவாக 142 வாக்குகள், எதிராக 4 வாக்குகள். எந்த 1977ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தின் ஆயுள் விவாதப் பொருளாக இருந்ததோ, அதே பாராளுமன்றம்தான் தன் ஆயுளை நீடிக்கும் கேள்வியையும் வடிவமைத்தது.

சட்டத்தின் பாதை

1978 அரசியலமைப்பின் 83ஆம் உறுப்புரை, ஜனாதிபதியின் அல்லது பாராளுமன்றத்தின் பதவிக்காலத்தை ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்க வேண்டுமாயின் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையுடன் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்கிறது. இது மக்களின் இறைமைக்கான பாதுகாப்பாக எழுதப்பட்ட ஏற்பாடு. பதவியில் இருப்போர் தாமே தம் காலத்தை நீட்டிக்கொள்ளக் கூடாது, மக்களைக் கேட்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் எழுதப்பட்ட பூட்டு எழுதப்பட்ட சாவியும் ஆகும். எந்தச் சூழ்நிலையில், எத்தகைய தேவைக்காக நீடிப்பைக் கோரலாம் என்று அந்த உறுப்புரை எதையும் சொல்லவில்லை. போரோ பேரிடரோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. நீடிப்பின் அளவுக்கும் வரம்பு இல்லை. அதனால் ஒரு முழுப் பதவிக்காலத்தையே ஒரே கேள்வியால் கேட்க முடிந்தது.

உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களில் நால்வர், மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் மக்கள் ஒப்புதலும் கிடைத்தால் சட்டமூலம் செல்லுபடியாகும் என்று கருதினர். மூவர் மாறுபட்டனர். ஒரே ஒரு நீதியரசரின் கருத்து மறுபக்கம் போயிருந்தால் வரலாறு எப்படித் திரும்பியிருக்கும் என்பதை ஊகிக்க முற்படவில்லை. ஆனால் நீதிமன்றமே இவ்வளவு நெருக்கமாகப் பிளவுபட்ட ஒரு கேள்வி, வாக்குச்சீட்டில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற இரண்டே தெரிவுகளுக்குள் சுருங்கியது என்பது கவனிக்கத்தக்கது.

85ஆம் உறுப்புரையில் உள்ள மற்றொரு நிபந்தனையையும் இங்கே கூற வேண்டும். செல்லுபடியான வாக்குகளில் அறுதிப் பெரும்பான்மை கிடைத்தால் சட்டமூலம் ஏற்கப்பட்டதாகும். செல்லுபடியான வாக்குகள் மொத்த வாக்காளரில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாவிட்டால் மட்டும், பதிவு செய்யப்பட்ட வாக்காளர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் ஆதரித்திருக்க வேண்டும். மொத்த வாக்காளர் 81,45,015 பேர். மூன்றில் இரண்டு என்பது ஏறத்தாழ 54,30,000. செல்லுபடியான வாக்குகளோ 57,47,206. எனவே அந்த மேலதிக நிபந்தனை எழவேயில்லை. எழுந்திருந்தாலும் 27,15,000 என்ற அளவை ‘ஆம்’ வாக்குகள் தாண்டியே இருந்தன. புறக்கணிப்பின் மூலம் இந்த வாக்கெடுப்பைத் தோற்கடிக்க எதிர்க்கட்சிகளால் இயலாது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. அவர்களுக்கு இருந்த ஒரே வழி ‘இல்லை’ என்று வாக்களிக்க ஆட்களைத் திரட்டுவதுதான். அதற்குரிய சூழல் அவர்களுக்குத் தரப்பட்டதா என்பதே அடுத்த கேள்வி.

பிரசாரம் நடந்த சூழல்

ஜனாதிபதித் தேர்தல் நடந்த அன்றே அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அது டிசெம்பர் 22 வரையும் நீடித்தது. சில அச்சகங்கள் முத்திரையிடப்பட்டன. கம்யூனிஸ்ட் கட்சியின் சிங்கள நாளிதழான ‘அத்த’ மூடப்பட்டது. அரச வானொலி, அரச தொலைக்காட்சி, அரசாங்கத்தின் கைவசமிருந்த லேக் ஹவுஸ் நாளிதழ்கள் ஆகிய மூன்றும் ஒரே தரப்பின் பக்கம் இருந்தன. சுதந்திரக் கட்சியின் தலைவி சிறிமாவோ குடியியல் உரிமை இழந்திருந்தார். அவருடைய கட்சி உட்பூசலால் பிளந்து கிடந்தது. அதன் முன்னணிச் செயற்பாட்டாளர்கள் சிலர் தடுப்புக்காவலில் இருந்தனர்.

இந்தச் சூழலை நெருங்கி நின்று பார்க்க ஒரு வழக்கு உதவுகிறது. ‘பெவிதி ஹண்ட’ என்ற பெயரில் இயங்கிய மதகுருமார் அமைப்பு ஒன்று, பாராளுமன்றத்தின் ஆயுளை நீடிப்பதற்கு எதிராகத் துண்டுப்பிரசுரங்களை அச்சிட்டது. கம்பஹா பகுதியில் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் ஏறத்தாழ 20,000 பிரசுரங்களை அச்சகத்திலிருந்து கைப்பற்றினார். அமைப்பின் செயலாளரான பௌத்த பிக்கு உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். கருத்து வெளியிடும் உரிமை மீறப்பட்டது என்று 1983 பெப்ரவரியில் தீர்ப்பளித்த நீதிமன்றம், மனுதாரருக்கு 10,000 ரூபா நட்டஈடு வழங்குமாறு உத்தரவிட்டது. அரசாங்கம் என்ன செய்தது? நட்டஈட்டை அரச பணத்தில் செலுத்தியது. அந்த அத்தியட்சகருக்குப் பதவி உயர்வும் வழங்கியது. தீர்ப்பு வந்தபோது வாக்கெடுப்பு முடிந்து இரண்டு மாதங்கள் ஆகிவிட்டன. உரிமை இருந்தது என்று நீதிமன்றம் சொல்லியது. ஆனால் அந்த உரிமை தேவைப்பட்ட நாட்களில் பிரசுரங்கள் பொலிஸ் வசம் இருந்தன. பிரசாரச் சமத்துவத்தை விளம்பரச் செலவு, ஒலிபரப்பு நேரம் ஆகியவற்றால் மட்டும் அளக்கும் ஆய்வாளருக்கு இப்படிப்பட்ட நிகழ்வு எந்த அட்டவணையிலும் அகப்படாது. ஒரு பிரசுரம் வாக்காளர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா, இல்லையா என்பதே இங்கு அடிப்படை.

வாக்களிப்பு நாளின் முறைகேடுகளுக்கு உத்தியோகபூர்வ சாட்சியமே உண்டு. தேர்தல் ஆணையாளர் இந்த வாக்கெடுப்பு குறித்த தம் அறிக்கையை 1987இல் வெளியிட்டார். எதிர்த்தரப்பு முகவர்கள் சாவடிகளிலிருந்து விரட்டப்பட்டமை, ஆள்மாறாட்டம், அச்சுறுத்தல் ஆகியவை அதில் பதிவாகியுள்ளன. தேர்தல் நிருவாகத்தின் தலைமையே இப்படி எழுதியதை நான் மிகுந்த மதிப்புடன் வாசிக்கிறேன். அதே வேளை, வாக்கெடுப்பு நடந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், நீடிக்கப்பட்ட காலத்தின் பெரும்பகுதி கழிந்த நிலையில் அது வெளியானது என்பதையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது.

சின்னங்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். இலங்கை வாக்காளர் பல தலைமுறைகளாகச் சின்னத்தின் வழியே கட்சியை அடையாளம் கண்டவர்கள். விளக்கு, குடம் இரண்டுமே நம் வாசல்களில் மங்கல நாட்களில் வைக்கப்படுபவை; தமிழருக்கும் சிங்களவருக்கும் இரண்டும் உகந்தவையே. எனவே சின்னத் தெரிவிலேயே சூழ்ச்சி இருந்தது என்று சொல்லச் சான்றில்லை. ஆனால் பழகிய கட்சிச் சின்னம் இல்லாதபோது, புதிய சின்னத்தை வாக்காளருக்குப் பழக்கப்படுத்தும் வேலை முழுவதும் பிரசாரத்தின் தலையில் விழுகிறது. அச்சகமும் வானொலியும் எவர் கையில் இருந்தனவோ அவருக்கே அது இலகுவாக இருந்திருக்கும்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

‘ஆம்’ தரப்புக்கு 31,41,223 வாக்குகள், 54.66 சதவீதம். ‘இல்லை’ தரப்புக்கு 26,05,983 வாக்குகள், 45.34 சதவீதம். வாக்களித்தோர் 70.82 சதவீதம். பதிவு செய்யப்பட்ட மொத்த வாக்காளரில் ‘ஆம்’ என்றோர் ஐந்தில் இருவருக்கும் சற்றுக் குறைவு.

ஆய்வாளருக்கு இந்த எண்களின் தனிச்சிறப்பு, இரண்டு மாத இடைவெளியில் ஒரே வாக்காளர் இடாப்பைக் கொண்டு இரண்டு தேசிய வாக்களிப்புகள் நடந்தன என்பதே. இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அரிது. ஜெயவர்த்தனாவுக்கு ஒக்டோபரில் கிடைத்த வாக்குகளைவிட டிசெம்பரில் ‘ஆம்’ வாக்குகள் 3,09,588 குறைவு. ‘ஆம்’ என்ற ஒவ்வொருவரும் ஏற்கெனவே அவருக்கு வாக்களித்தவரே என்று வைத்துக்கொண்டாலும், அவரை ஜனாதிபதியாக்கியோரில் குறைந்தது மூன்று லட்சம் பேர் பாராளுமன்ற நீடிப்பை ஆதரிக்கவில்லை என்றாகிறது. கள்ள வாக்குகள் ‘ஆம்’ பக்கத்தில் கூடுதலாக விழுந்திருந்தால் உண்மையான இழப்பு இன்னும் பெரிது.

இதை மட்டும் பார்த்தால் ஆளும் கட்சியே பின்னடைவு கண்டது என்று எண்ணத் தோன்றும். மறுபக்கத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒக்டோபரில் ஜெயவர்த்தனா அல்லாத ஐந்து வேட்பாளர்களும் சேர்ந்து பெற்றவை 30,71,336 வாக்குகள். ‘இல்லை’ வாக்குகள் அதைவிட 4,65,353 குறைவு. அதாவது ஆளும் தரப்பு தன் வாக்குகளில் ஏறத்தாழ 9 சதவீதத்தை இழந்தபோது, எதிர்த்தரப்பு 15 சதவீதத்தை இழந்தது. ‘ஆம்’ வென்றது ஆதரவு பெருகியதால் அன்று, எதிர்ப்பு அதிகமாக வீட்டில் தங்கியதால் என்றே இந்த எண்களை நான் வாசிக்கிறேன்.

ஏன் தங்கினார்கள்? அச்சத்தாலா, சோர்வாலா, சாவடியில் தங்கள் பெயரில் ஏற்கெனவே வாக்குப் போடப்பட்டுவிட்டதாலா, கட்சித் தலைமையின் குழப்பத்தாலா? கூட்டு எண்களிலிருந்து தனிமனித நடத்தையை உய்த்தறிய முடியாது என்ற எச்சரிக்கை எல்லாத் தேர்தல் ஆய்வுகளுக்கும் பொருந்தும். இங்கே அது இரட்டிப்பாகப் பொருந்துகிறது. ஏனெனில் எண்ணப்பட்ட வாக்கு என்பதே தூய தரவு அல்ல. முகவர்கள் விரட்டப்பட்ட சாவடியில் பதிவான 90 சதவீத வாக்களிப்பை மக்களின் ஆர்வமாக ஒருவர் எழுதிவிட்டால், அவர் ஆய்வு செய்யவில்லை, முறைகேட்டுக்குச் சான்றிதழ் வழங்குகிறார்.

இன்னொன்றும் உண்டு. 81 லட்சம் என்ற வாக்காளர் தொகைக்கு வெளியே, குடியுரிமை மறுக்கப்பட்ட நிலையில் மலையகத் தமிழர் பெருந்தொகையினர் இருந்தார்கள். அவர்களின் குடியுரிமை குறித்து இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் தொடங்கிவைத்த நடைமுறை அப்போதும் முடிந்திருக்கவில்லை. தோட்டங்களில் வேலை செய்து, அந்நாட்டின் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்த அவர்களைப் பொறுத்தவரை ‘சர்வசன’ வாக்கெடுப்பில் சர்வசனங்களும் இடம்பெறவில்லை.

யாழ்ப்பாணம் எழுந்து வந்த நாள்

நாடெங்கும் வாக்களிப்பு வீழ்ந்தபோது ஒரு மாவட்டத்தில் அது உயர்ந்தது. ஜனாதிபதித் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி வேட்பாளரை நிறுத்தவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லை. அன்று செல்லுபடியான வாக்குகள் ஏறத்தாழ 2 லட்சத்து 18 ஆயிரம். டிசெம்பரில் அது 2 லட்சத்து 90 ஆயிரத்தை எட்டியது. அவற்றுள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடத்துக்கு விழுந்தன. ஒக்டோபரில் ஜெயவர்த்தனாவுக்குக் கிடைத்த ஏறத்தாழ 45 ஆயிரம் வாக்குகள், விளக்குக்கு 25 ஆயிரமாகச் சுருங்கின.

இதை நாட்டின் கணக்கிலிருந்து பிரித்தால் முன்னே சொன்ன படம் மேலும் கூர்மையாகிறது. யாழ்ப்பாணத்தில் ஜெயவர்த்தனாவுக்கு எதிரான வாக்குகள் ஏறத்தாழ 92 ஆயிரம் கூடின. எனவே மாவட்டத்துக்கு வெளியே எதிர்த்தரப்பு இழந்த வாக்குகள் ஐந்தரை லட்சத்தைத் தாண்டும். அது அங்கு அத்தரப்பு வைத்திருந்த வாக்குகளில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்குகிறது. வடக்கில் வாக்காளர் திரண்டார்கள், தெற்கில் எதிர்ப்பு கலைந்தது.

யாழ்ப்பாண வாக்காளர் இத்தனை பேர் ஏன் வந்தார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு. ஜனாதிபதித் தேர்தலில் அவர்களுக்கு வெல்லக்கூடிய தெரிவு எதுவும் இருக்கவில்லை. டிசெம்பரில் கேட்கப்பட்டதோ நேரடியான கேள்வி: 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணிக்குத் தாங்கள் வழங்கிய ஆணைக்கும் அதன் பின் நடந்தவற்றுக்கும் இடையே, 1981இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டது உட்பட நடந்த எல்லாவற்றுக்கும் பிறகு, இதே பாராளுமன்றம் இன்னும் ஆறு ஆண்டுகள் இருக்கலாமா? அதற்கு வாக்குச்சீட்டால் பதில் சொல்ல முடியும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையே எனக்கு இந்த நிகழ்வின் மிக முக்கியமான தரவு. நாடு முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்ட வாக்கெடுப்பில் அந்தப் பதில் தெற்கின் எண்ணிக்கையில் கரைந்துபோனது. நாடாளவிய எளிய பெரும்பான்மையை மட்டும் கேட்கும் விதி, பிரதேச ரீதியாகப் பிரிந்து நிற்கும் மக்கள் கூட்டத்துக்கு வாக்குரிமை தருகிறது, ஆனால் மறுக்கும் வலுவைத் தருவதில்லை.

ஆளும் கட்சி தானே செய்த வாசிப்பு

வாக்கெடுப்பில் வென்ற கட்சி முடிவுகளை எப்படி வாசித்தது என்பது பெரும்பாலும் வெளியே தெரியாது. இங்கே தெரிகிறது. ஐக்கிய தேசியக் கட்சி உறுப்பினர்களிடமிருந்து திகதியிடப்படாத பதவி விலகல் கடிதங்களை ஜனாதிபதி ஏற்கெனவே பெற்று வைத்திருந்தார். ‘இல்லை’ வென்ற தொகுதிகளைச் சேர்ந்த தம் உறுப்பினர்கள் பலரைப் பதவி விலகச் செய்து, அங்கே இடைத்தேர்தல் நடத்தினார். 1978 அரசியலமைப்பின்படி வெற்றிடத்தைக் கட்சியே நியமனத்தால் நிரப்ப வேண்டும் என்பதால், இடைத்தேர்தலுக்கு வழிசெய்ய 1983 பெப்ரவரியில் ஐந்தாவது திருத்தம் கொண்டுவரப்பட்டது. 1983 மே 18ஆம் திகதி 18 தொகுதிகளில் வாக்களிப்பு நடந்தது. 14 ஆளும் கட்சிக்கு, 3 சுதந்திரக் கட்சிக்கு, 1 மக்கள் ஐக்கிய முன்னணிக்கு.

இந்த ஏற்பாட்டின் உள்முரண் பெரிது. வாக்கெடுப்பு நாடாளவிய ஒரே தீர்ப்பாக முன்வைக்கப்பட்டது. அதன் முடிவுகளோ தொகுதிவாரியாக வாசிக்கப்பட்டன. மேலும், நம்பிக்கை இழந்த உறுப்பினர்களை மாற்ற இடைத்தேர்தல் தேவை என்று ஆளும் கட்சியே ஒப்புக்கொண்டது என்றால், பொதுத்தேர்தல் தேவையில்லை என்ற அதன் வாதம் எங்கே நிற்கிறது? திகதியிடாத கடிதங்களைப் பொறுத்தவரை, அவை கட்சி ஒழுக்கத்தின் எல்லையையும் தாண்டியவை. வாக்காளரால் தெரிவான உறுப்பினர் ஒருவர், ஒருவருடைய மேசை இழுப்பறையிலிருந்து எந்நேரமும் பதவி இழக்கக்கூடியவராக ஆக்கப்பட்டார். அந்த உறுப்பினர்களைக் கொண்ட பாராளுமன்றம்தான் அடுத்த ஆறு ஆண்டுகளுக்கு நிறைவேற்று அதிகாரத்தைக் கட்டுப்படுத்த வேண்டியதாக இருந்தது.

அதே மே 18ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல்களும் நடந்தன. தமிழீழ விடுதலைப் புலிகள் புறக்கணிக்குமாறு அழைப்பு விடுத்திருந்தனர். யாழ்ப்பாணத்தில் மிகச் சொற்பமானோரே வாக்களித்தார்கள். டிசெம்பரில் கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேர் வரிசையில் நின்ற மாவட்டம் அது. அழைப்பின் பின்னே இருந்த அச்சுறுத்தலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் டிசெம்பரின் பதிலுக்கு எந்தப் பெறுமதியும் கிடைக்கவில்லை என்பதையும் விட்டுவிட முடியாது.

1983 ஓகஸ்ட் 4

பாராளுமன்றத்தின் இயல்பான ஆயுள் முடிய வேண்டிய நாள் இது. ஜூலை 23ஆம் திகதி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து தமிழர் மீது கட்டவிழ்த்துவிடப்பட்ட படுகொலைகளும் அதற்கு முந்திய இரண்டு வாரங்களுக்குள் நடந்தவை. தேர்தல் நடந்திருந்தால் ஜூலை வந்திருக்காது என்று கூற ஆதாரம் இல்லை. அப்படிக் கூறுவது கொலைகளுக்குப் பொறுப்பானவர்களின் பொறுப்பைக் குறைப்பதாகவும் ஆகும். இவ்வளவு மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: அந்த ஆண்டின் நடுப்பகுதியில் தேர்தல் பிரசாரத்தில் இருந்திருக்க வேண்டிய ஒரு நாடு, அதற்குப் பதிலாக நீடிக்கப்பட்ட, எதிர்த்தரப்பு நலிந்த ஒரு பாராளுமன்றத்துடன் அந்த வன்முறையை எதிர்கொண்டது. ஓகஸ்ட் முதல் வாரத்தில் அது நிறைவேற்றிய ஆறாவது திருத்தம், பிரிவினையை ஆதரிப்பதில்லை என்ற சத்தியப்பிரமாணத்தைக் கட்டாயமாக்கியது. நீடிக்கப்பட்ட காலத்தில் அமர மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் தம் ஆசனங்களை இழந்தனர். வடக்கின் தொகுதிகளுக்குப் பாராளுமன்றத்தில் குரல் இல்லாமற்போனது. அடுத்த பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரி 15ஆம் திகதியே நடந்தது. 1977இல் வாக்குரிமை பெற்ற ஒருவர் இரண்டாவது பொதுத்தேர்தலில் வாக்களிக்கப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்.

வேறிடங்களில் இதே கேள்வி

1945 மே மாதத்தில் பிரித்தானியப் பிரதமர் வின்ஸ்டன் சேர்ச்சில், ஜப்பானுடனான போர் முடியும்வரை பாராளுமன்றத்தை நீடிக்க மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தலாம் என்று கூட்டணிப் பங்காளியான தொழிற்கட்சித் தலைவர் கிளமெண்ட் அட்லிக்கு யோசனை சொன்னார். அட்லி ஏற்கவில்லை. இத்தகைய வாக்கெடுப்பு சர்வாதிகாரிகளின் கருவியாக இருந்திருக்கிறது என்பது அவர் நிலைப்பாடு. தேர்தல் நடந்தது, போரை வென்ற தலைவர் தோற்றார். உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே மறுக்கப்பட்ட ஒரு வழி, 1982இல் சமாதான காலத்தில் எடுக்கப்பட்டது.

மற்றொரு ஒப்பீடு சிலி. 1988 ஒக்டோபர் 5ஆம் திகதி, ஒகுஸ்தோ பினோசே தன் ஆட்சியை மேலும் எட்டு ஆண்டுகள் நீடிக்க வாக்கெடுப்பு நடத்தித் தோற்றார். ‘இல்லை’ தரப்பு ஏறத்தாழ 56 சதவீத வாக்குகளைப் பெற்றது. இராணுவ ஆட்சியாளர் தோற்ற இடத்தில், தேர்தலால் தெரிவான ஜனாதிபதி வென்றது எப்படி? பதிலின் ஒரு பகுதி மக்களின் மனநிலையில் இருக்கலாம். பெரும்பகுதி ஏற்பாடுகளில் இருக்கிறது என்பேன். சிலியில் எதிர்க்கட்சிகள் ஒன்றுபட்டிருந்தன; இரு தரப்புக்கும் இரவுதோறும் தொலைக்காட்சியில் பதினைந்து நிமிடங்கள் ஒதுக்கப்பட்டன; சாவடிகளில் முகவர்கள் இருந்தார்கள்; எதிர்த்தரப்பு தானே இணையான எண்ணிக்கை ஒன்றை நடத்தியது. இவற்றுள் எதுவும் 1982இன் இலங்கையில் அமையவில்லை.

இன்று செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. ஒக்டோபர், டிசெம்பர் ஆகிய இரண்டு வாக்களிப்புகளின் தொகுதி மட்ட முடிவுகளை அருகருகே வைத்து, ஆணையாளரின் அறிக்கையில் குறிப்பிடப்பட்ட பகுதிகளைத் தனியே பிரித்து, அங்கு வாக்களிப்பு எப்படி மாறியது என்று பார்க்கலாம். முறைகேடு இல்லாத பகுதிகளில் எதிர்த்தரப்பு இழந்த வாக்குகளும், இருந்த பகுதிகளில் இழந்த வாக்குகளும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது, மேலே நான் விடை தராமல் விட்ட கேள்வியின் பாதிக்காவது விடை தரும். அன்று முகவர்களாகவும் சாவடி அலுவலர்களாகவும் இருந்தோர் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். அவர்களுடைய வாய்மொழிப் பதிவுகள் தாமதமின்றி எடுக்கப்பட வேண்டும்.

83ஆம் உறுப்புரையும் இன்னும் இருக்கிறது. 2015இன் பத்தொன்பதாவது திருத்தம் ஜனாதிபதியினதும் பாராளுமன்றத்தினதும் பதவிக்காலத்தை ஐந்து ஆண்டுகளாகக் குறைத்தது. ஆனால் 83ஆம் உறுப்புரையில் ‘ஆறு ஆண்டுகளுக்கு மேல்’ என்ற சொற்கள் மாறவில்லை. ஐந்துக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட ஓராண்டை, மக்களைக் கேட்காமல் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் மட்டும் நீட்டிக்கொள்ளலாமா என்ற ஐயம் இதனால் எழுகிறது. அதைச் சீர்செய்யும் சட்டமூலம் ஒன்று 2024 ஜூலையில், ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு மாதங்களே இருந்தபோது வர்த்தமானியில் வெளியிடப்பட்டது. திருத்தம் சரியானது. ஆனால் அது வெளியான நேரம், தேர்தலைத் தள்ளிப்போடும் முயற்சியோ என்ற சந்தேகத்தை உடனே எழுப்பியது. தேர்தல் உரிய நாளில் நடந்தது. சட்டமூலம் அதற்கு முன் நிறைவேறவில்லை.